அம்மணியின் காலடி மண்

கலைப்பிரியா வீட்டில் வெள்ளைப் பன்றிக்குட்டிகள் வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மணிக்குச் சோறு இறங்கவில்லை. கோலியனூரில் பன்றி வளர்ப்பு என்றால் அம்மணிதான் என்று இருந்தது. நேற்று கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி, திண்டிவனம் பக்கத்துப் பண்ணையிலிருந்து டாட்டா ஏஸ் வண்டியில் ஒரு மந்தைக் குட்டிகளைக் கொண்டுவந்து, வேலிக்கு அந்தப் பக்கமே பட்டி போட்டுவிட்டாள். ரோஸ் நிறக் காதும் சுருட்டை வாலுமாக அவை ஓடும்போதெல்லாம் அம்மணிக்கு வயிறு எரிந்தது. அவளிடம் இருப்பதோ ஒரே ஒரு கறுப்புத் தாய்ப்பன்றி, நிறைசினை.

போதாக்குறைக்கு, ஒரு பூசணிக்காயில் பூதமுகம் வரைந்து, அம்மணியின் அடுப்படியைப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தாள் கலைப்பிரியா. யாருக்காக என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

தொங்கட்டுமே என்று அம்மணி குட்டிகளைப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும்போதும் பார்த்தாள், துணி உலர்த்தும்போதும் பார்த்தாள். எது முந்தித் தின்கிறது, எது எதன்மேல் படுக்கிறது என்றெல்லாம் பெற்றவளைப்போல அவளுக்கு அத்துப்படி. கலைப்பிரியாவோ தீவனத்தைக் கொட்டிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். கொடுத்துவைத்தவளுக்கு எல்லாம் தானாக வளரும் என்று கறுவிக்கொண்டாள் அம்மணி.

ஒரு நாள் காலை, காதில் வெட்டு விழுந்த குட்டி தொட்டிக்கு வரவில்லை. மூலையில் ஒடுங்கி நின்றது. வால் சுருள் அவிழ்ந்து தொங்கியது, பின்னங்காலெல்லாம் கழிச்சல். அம்மணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிறகுதான், பட்டி கழுவும் தண்ணீர் வேலிக்கடியில் தன் பக்கம் ஓடிவருவது கண்ணில் பட்டது. நோய் தொற்றினால் தாய்ப்பன்றியும் போகும், வயிற்றுக் குட்டிகளும் போகும். போய்ச் சொன்னால், கண் வைத்தவளே வந்து சொல்கிறாள் பார் என்பார்கள்.

மண்வெட்டியை எடுத்து முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்தாள். பிறகு கலைப்பிரியா வாசலில் போய் நின்றாள்.

"ப்ரியா, அந்த வெட்டுக்காதுக் குட்டிக்குக் கழிச்சல்டி. ஜல்தியாப் பிரிச்சுத் தனியா வுடு. டாக்டருக்குப் போன் பண்ணு."

"நல்லாத்தானக்கா இருந்துச்சு? ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"பாத்துக்கினுதானே இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அம்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கலைப்பிரியா உள்ளே போய் நாலு காய்ந்த மிளகாயோடு வந்தாள். குனிந்து, அம்மணி நின்ற இடத்தில் காலடி மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்தாள், திருஷ்டி சுற்றிப் போட.

அம்மணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்துக்கோடி, ரெண்டு கால் மண்ணையும் எடுத்துக்கோ. மொதல்ல குட்டியப் பிரி!" என்று கத்தினாள். பிரிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மதியம் கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். "நல்லவேளை, ஆரம்பத்துலயே பாத்துட்டீங்க. வுட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும். யாருங்க பாத்தது?"

"நான்தான் சார். கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாக்கறேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் கஞ்சி வாளியோடு நின்ற அம்மணிக்கு எல்லாம் கேட்டது. நோய் வந்தது என் கண்ணால், பிழைத்தது மட்டும் இவள் கண்ணாலா? வாளியை நங்கென்று வைத்தாள். இனி அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று தாய்ப்பன்றியின் தலைமேல் சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் மிளகாய் கருகும் நெடி வந்தபோது, வெட்டுக்காதுக் குட்டி தண்ணீர் குடிக்கிறதா என்று ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குடித்தது. வாலும் லேசாகச் சுருண்டிருந்தது.

அம்மணிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.