வர்ற வண்டி எது

மூத்த மகன் கைபேசியை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்கப்பா. எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். பத்து மணி நேரம் இருபது நிமிஷம், அவ்வளவுதான். ஒரு தூக்கம் போட்டீங்கன்னா தங்கச்சி ஊரு வந்துடும்."

அந்த 'அவ்வளவுதான்' அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவரிடம் வந்து நேரம் சொல்கிறான். டயர் வெடித்தது, கேட் மூடியிருந்தது என்று எத்தனை ஓட்டுநர்கள் அவரிடம் கதை அளந்திருப்பார்கள்! கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே ஒரு கோடு, வழியில் கடலோ மலையோ இருப்பதே தெரியாத மாதிரி.

"இந்த நேரத்துல எந்த வண்டி போகுது?"

"வண்டி இல்லப்பா, ஃப்ளைட்."

"அதான், எது? நம்பர் சொல்லு."

மகன் தலையைச் சொறிந்தான். நேரடி விமானமே கிடையாது. இரண்டு இடத்தில் இறங்கி மாற வேண்டும். அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினார். இங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போகணும். முதல் இடத்தில் ஆறு மணி நேரம் காத்திருக்கணும், அடுத்ததில் நாலே முக்கால். பறப்பது பதின்மூன்றேகால். இறங்கிய பிறகு காரில் இரண்டு. ஆக இருபத்தொன்பது.

அரை மணிக்கொரு தடவை கழிப்பறைக்கு எழுந்து போகிற எழுபத்தாறு வயது மனுஷன். இருபத்தொன்பதைப் பத்து என்று சொல்ல இவனுக்கு எப்படி நாக்கு வந்தது? டிப்போவில் ஒருவன் இப்படி அட்டவணை போட்டிருந்தால் அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்திருப்பார்.

"உன் தங்கச்சி கூப்பிட்டாளா, நீயா சொன்னியா?"

"கொஞ்ச நாள் அவ பாத்துக்கட்டும்னு பேசி முடிவு பண்ணோம்."

"யாரு பண்ணீங்க? நான் எங்க இருந்தேன்?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்கப்பா."

பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். போகிற வண்டிக்கு எதிரே திரும்பி வருகிற வண்டியை எழுதாமல் அவர் எந்தத் தாளையும் மூடியதில்லை.

"சரி, வர்ற வண்டி எது?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்பா."

"தேதி?"

மகன் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தான். பெற்ற அப்பனை ஒரு வழிக்கு மட்டும் அனுப்பத் துணிந்துவிட்டு, தூக்கம் போடச் சொல்கிறான்.

அப்போதுதான் அவருடைய அறையிலிருந்து "ஏழரை அடி" என்று யாரோ சொல்வது கேட்டது. எழுந்து போனார். தச்சர் ஒரு சுவரோரம் நின்றார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் மருமகள். நடுவே கட்டிலுக்கு மேலாக நாடா விறைப்பாக நின்றது.

"இல்ல மாமா, அலமாரி ஒண்ணு..." என்றவள் முடிக்கவில்லை.

அவர் நேராகப் போய்க் கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார். நாடா அவர் மார்பில் பட்டு வளைந்தது. தச்சர் மருமகளைப் பார்த்தார். அவள் அறை வாசலில் வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். தச்சரும் சரி, மருமகளும் சரி, நாடாவின் முனையை விடவில்லை.