பஞ்சு வைத்த பத்து நிமிஷம்

இருமல் மருந்துத் தொழிற்சாலையில் புட்டிக்கு மூடி போடும் இயந்திரம் அவள் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் மூடியக்கா. கூப்பிட்டால்தான் கேட்காது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது, பேச்சை விட்டுவைத்தது. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துவிடுவாள்.

புட்டி சிக்கினால் அந்த இயந்திரம் கத்தும். அரை நிமிஷத்தில் நிறுத்தாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். கத்தும்போது எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு வேண்டுமென்று பதினொரு மாதத்தில் மூன்று முறை மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாள். பதிலே இல்லை. ஒருநாள் தலைமுடியை முடிந்துகொள்ளத் திரும்பிய நேரத்தில் புட்டிகள் சரிந்தன. அதற்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் அன்றைக்கே வந்தது.

இந்த லட்சணத்தில்தான் 'சக ஊழியருக்குத் துணை நிற்பது எப்படி' என்று மாடியில் அரைநாள் பயிற்சி நடந்தது. மேலாளர் சட்டையில் 'நான் உங்கள் துணை' என்று ஒரு பேட்ஜ். பயிற்சி கொடுக்க வந்த பெண் பாதி நேரம் திரையைப் பார்த்துத் திரும்பியே பேசினாள். முதுகில் உதடு ஏது? மூடியக்கா கொட்டாவி விட்டாள். மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து சொன்னது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"அதுக்கு ஒண்ணும் புரியாது. போட்டோவுக்காக உக்கார வச்சிருக்கேன்."

அது! அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

அடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார்கள். பத்து நிமிஷம் காதில் அடைத்துக்கொண்டு, கேளாதவர் கஷ்டத்தை உணர வேண்டுமாம். ஐந்தாவது நிமிஷமே மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் என் கண்ணு தொறந்துச்சு!" என்றார். தன் குரல் தனக்கே கேட்காமல் அவர் கத்தியதில் கூடமே அதிர்ந்திருக்க வேண்டும். முன் வரிசைக்காரர் துள்ளிவிழுந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூடியக்கா எழுந்தாள். பஞ்சை எடுக்க வேண்டாமென்று மேலாளருக்குச் சைகை காட்டி, கீழே வரச் சொன்னாள். போட்டோகிராபர் பார்த்துக்கொண்டிருக்கையில் மேலாளரால் மறுக்க முடியுமா? கூட்டமும் பின்னாலேயே பஞ்சை உருவிக்கொண்டு இறங்கியது. இயந்திரத்தருகே நின்ற மாற்று ஆளை நகர்த்திவிட்டு, அவரைத் தன் இடத்தில் நிறுத்தினாள். அது மணிக்கு நாலு தடவை சிக்குகிற இயந்திரம். காத்திருந்தாள்.

அவர் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோது சிக்கியது. சுற்றி நின்றவர்கள் சத்தம் கேட்டு இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மாற்று ஆள் பொத்தானை நோக்கிப் பாய, அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாற்பது துணைகளில் ஒருவரும் அவர் தோளைத் தொட்டுச் சொல்லவில்லை. புட்டிகள் சரிந்து, மருந்து அவர் கால்சட்டை முழுக்க வழிந்தது.

பஞ்சைப் பிடுங்கி எறிந்து, "ஏன்யா ஒருத்தனும் சொல்லல?" என்று குதித்தார்.

"அது கத்துச்சே சார், கேக்கலையா?" என்றாள் மூடியக்கா.

இரண்டாம் நாள் விளக்கு வந்தது. கூடவே அறிவிப்புப் பலகையில் 'மேலாளரின் சிந்தனையில் உதித்த திட்டம்' என்று அவர் படத்தோடு ஒரு தாள். படித்துவிட்டு மூக்கால் சிரித்தாள். மறுவாரம் வீடியோ எடுக்க ஆளோடு அவரே வந்து, விளக்கை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, ஓடுகிற புட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"தள்ளி நில்லுங்க."