வாசகசாலையில் வேலூர்க் கோட்டை

ஆம்பூர்ப் பொது வாசகசாலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன, வாசகர் ஒருவர்தான். அவரும் நூலகர் முனீர் அகமதுவேதான். 1934-ம் வருஷத் தொடக்கத்தில் ஜில்லா போர்டிலிருந்து கடிதம் வந்தது: ஆடி மாதத்துக்குள் ஐம்பது பேராவது படிக்க வராவிட்டால் வாசகசாலை மூடப்படும், அறை கமிட்டித் தலைவர் வசம் போகும்.

தலைவர் ரத்தினசாமி தோல் மண்டி முதலாளி. சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டம் இதோ வருகிறது என்று ஐந்து வருஷமாகக் காத்திருப்பவர். வந்தால் உட்கார்ந்து வாழ்த்து வாங்க ஓர் ஆபீஸ் வேண்டாமா? அந்த அறைக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதுவரை தீர்மானித்திருந்தார்.

முனீருக்கு வழிகாட்டியது பழைய சீமைப் பத்திரிகை ஒன்று. வெட்டி, மடித்து, ஒட்டினால் காகித வீடாகும் படம் அதில் இருந்தது. செய்து ஜன்னலில் வைத்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து போன கவுஸ் பாஷா அதைப் பார்த்து நின்றுவிட்டார். தோலின் ஓரம் சீவுவதில் இருபது வருஷக் கை அவருடையது.

"இன்னா பாய், ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி வெட்டி வெச்சிருக்கீங்க?"

"நீங்க வெட்டிக் காட்டுங்களேன்."

காட்டினார். மறுநாள் நாலு தோஸ்துகளோடு வந்தார். அடுத்த வாரம் பத்துப் பேர். ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது.

முனீர் வேலூர்க் கோட்டையைப் பகுதி பகுதியாக வரைந்து, ஒட்டும் விளிம்புகளில் எழுத்துகளைப் போட்டார். 'அ' விளிம்பை 'அ' மேல்தான் ஒட்டலாம். மாறினால் கொத்தளம் அகழிக்குள் விழும். அடுத்த மாதம் எழுத்துக்குப் பதில் சொல். மூன்றாம் மாதம் ஒட்டும் குறிப்புகளை முழு வாக்கியங்களாகவே எழுதினார். "வாசிச்சுக் காட்டுங்க பாய்" என்று கேட்டவர்களிடம் கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.

மதில் எழும்ப எழும்ப, கெட்டிக் காகிதம் கம்மியாயிற்று. பரணில் ஒரு கட்டு கிடந்தது. பட்டம் வரும் நாளில் வினியோகிக்க ரத்தினசாமி போன வருஷமே அச்சிட்டு வைத்த வாழ்த்துப் பத்திரம் அது. பட்டம் வராததால் அதில் அச்சிட்ட வருஷம் தப்பாகிவிட்டது. முனீர் கேட்டதற்கு, "எடுத்துக்கோய்யா, நாலு பேர் பாக்கட்டும்" என்றார் தாராளமாக.

"அச்சு உள்பக்கம் இருக்கட்டும்" என்றார் முனீர்.

"வெளிய இருந்தா கல்லு அடுக்கின மாதிரி இருக்கு பாய்" என்றார் கவுஸ் பாஷா. அப்படியே ஒட்டினார்கள்.

ஆடியில் போர்டு அதிகாரி வந்தார். வருகைப் பதிவேட்டில் ஐம்பத்தேழு கையெழுத்துகள்.

ரத்தினசாமி சிரித்தார். "எல்லாம் பொய் சார். இவனுங்கள எனக்குத் தெரியாதா? கைநாட்டுப் பசங்க. இங்க படிப்பு நடக்கல, பொம்மை விளையாட்டு நடக்குது."

அதிகாரி கவுஸ் பாஷாவைக் கூப்பிட்டு, கோட்டை மதிலில் விரலை வைத்தார். "இதைப் படிங்க."

கவுஸ் பாஷா குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் உரக்கப் படித்தார்: "கருணைக் கடலே. வட ஆற்காட்டின் வள்ளலே. தங்களுக்குப் பட்டம் கிடைத்ததில் பெருமை அடைந்தது பட்டமேயாகும். இப்படிக்கு, ஆம்பூர்ப் பொதுமக்கள்."

"யாருக்கு எழுதினது?"

கவுஸ் பாஷா அடுத்த கொத்தளத்துக்குப் போய்ப் பெயரையும் படித்தார். அறையில் யாரோ இருமினார்கள்.

"பொதுமக்கள்னா நீங்களும்தானே? எழுதறப்போ உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லீங்க சார். ஒட்டறப்பதான் எனக்கே தெரியும்."

அதிகாரி ரத்தினசாமியை நிமிர்ந்து பார்த்தார். ரத்தினசாமி ஒரு கணம் மதிலைப் பார்த்தார், ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், எழுத்தே தெரியாதவன எப்படிப் படிக்க வெச்சிருக்கேன்? என்னோட ஏற்பாடுதான் எல்லாம்."

"அப்போ இவங்க படிக்கறாங்கன்னு நீங்களே சொல்றீங்க?"

"சந்தேகமே வேணாம் சார்."

அதிகாரி அதை அப்படியே எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார். வாசகசாலை நீடிக்கும், காகிதத்துக்கும் பசைக்கும் தனி மானியம், மேல்விஷாரத்திலும் மாதனூரிலும் உள்ள வாசகசாலைகளுக்கு முனீர் போய் இந்த வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை முனீரோடு கவுஸ் பாஷாவும் மேல்விஷாரம் பஸ் ஏறினார். கோட்டையைக் கூரைமேல் கட்டச் சொன்னார் கண்டக்டர். கவுஸ் பாஷா ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கும் கோட்டைக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் அதை உட்கார வைத்துக்கொண்டு, வழியில் வந்த ஒவ்வொரு கடைப் பலகையையும் பஸ் முழுக்கக் கேட்கும்படி படித்துக்கொண்டே போனார்.