இடது இறக்கைப் பக்கம்

கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, எரிகிற விளக்குக் கோல்களைக் குறுக்காக வைத்தேன். வந்துகொண்டிருந்த விமானம் மூக்கைச் சற்றே தாழ்த்தி, குலுங்கி நின்றது. நிற்க வேண்டிய கோட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. ஓடுபாதையிலிருந்து திரும்பி வரும் விமானத்துக்குக் கைகாட்டி, அதன் இடத்தில் நிறுத்துவதுதான் என் வேலை. கோல்களைக் குறுக்கே வைத்தால் நில் என்று அர்த்தம். நான் கையைப் பிரிக்கும்வரை எந்தப் பைலட்டும் ஓர் அடிகூட நகர்த்த மாட்டார். வீட்டில்கூட என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

நிறுத்தியதற்குக் காரணம் விமானத்தின் இடது பக்கம். அங்கே இருக்கும் உயரமான விளக்குக் கம்பம் எரியாமல் போய்ப் பல வாரங்கள் ஆகின்றன. மழை பெய்து ஓய்ந்த ஈரத்தரையில் மற்ற வெளிச்சமெல்லாம் விழுந்து கண்ணைக் கூசவைக்க, அந்த மூலை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. பைலட்டுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து தன் இறக்கை நுனி சரியாகத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு இறக்கைக்கும் ஓர் ஆள் கூடவே நடந்து, வண்டி கிண்டி ஏதாவது குறுக்கே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது வழக்கம். அந்த ஆட்களை நிறுத்திவிட்டார்கள். செலவு அதிகமாம். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆகட்டும்'. விளக்கு எரியவில்லை என்றாலும் ஆகட்டும், ஆள் வேண்டும் என்றாலும் ஆகட்டும். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. இன்றைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு விமானத்தை அனுப்பிவிட்டு நான் ஓடிவருவதற்குள் இது திரும்பிவிட்டது. இடது பக்கம் போய்ப் பார்க்க நேரம் இல்லை. இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த ஏதோ ஒன்று அங்கே நிற்பதுபோல இருந்தது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

முன்பு அந்தப் பக்கம் இறக்கையோடு நடந்துகொண்டிருந்தவர் என் கணவர். போன மழைக்காலத்தில், பின்விளக்கு இல்லாத சாமான் வண்டி ஒன்று இதே இடத்தில் பின்னால் வந்து அவர் காலை நசுக்கிவிட்டது. விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். அவர் போட்டிருந்த மேல்சட்டையின் ஒளிப்பட்டை அழுக்காக இருந்ததாம், அதனால் டிரைவர் கண்ணுக்குத் தெரியவில்லையாம். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். துவைத்துத் துவைத்தே பட்டை வெளிறிப்போய், வேறு சட்டை கேட்டு நடையாய் நடந்தவளும் நான். அழுக்காம். அவர் வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். யார்மேலும் கோபப்படுவதில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் படுகிறேன். வீடு என் ஒரு சம்பளத்தில் ஓடுகிறது.

காதை மூடிய கருவிக்குள் ஆகட்டும் கத்தினார்.

"ஏம்மா, ஏன் நிறுத்தின? உள்ள கூப்பிடு. ஜனமெல்லாம் உக்காந்திருக்கு."

பதில் சொல்ல வேண்டுமென்றால் தோளில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு கையை இறக்க வேண்டும். இறக்கினால் குறுக்கு கலைந்துவிடும். பைலட் அதை வா என்று எடுத்துக்கொண்டால் போச்சு. ஒருவர் திட்ட, நான் வாய் திறக்காமல் நின்றது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

"காது கேக்குதா இல்லையா? போன வாட்டி புருஷன், இந்த வாட்டி பொண்டாட்டி. குடும்பமா சேந்து என் உசுர வாங்குறீங்க. உன் கொழுந்தன அனுப்புறேன். அவன் கூப்பிடுவான். நீ ஓரமா போயிடு. நாளையிலேருந்து வர வேணாம்."

கொழுந்தன் ஓடிவந்தான். என் கணவரின் தம்பி. எங்களோடு ஒரே வீட்டில், தனி அடுப்பாக இருப்பவன். கையில் அவனுடைய கோல்கள் எரிந்துகொண்டிருந்தன. என் காதுமூடியை ஒரு பக்கம் விலக்கி, இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"அண்ணி, நகருங்க. நான் கூப்பிடலன்னா எனக்கும் வேலை இல்லையாம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாம கூப்பிட மாட்டேன்."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன், நீ கூப்பிட்டுக்க. முதல்ல போய்ப் பாரு. உங்கண்ணன் விழுந்த இடந்தான்."

அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். அதையும் நினைத்தேன். நினைத்தும் நகரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், விமானத்தின் வயிற்றடியில் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான். அவன் கை லேசாக மேலே எழுந்தது. பைலட்டைக் கூப்பிடத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி இன்ஜினை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்றிக்கொண்டு போனான். என்னைத் திட்டியிருப்பான். திட்டட்டும்.

கொஞ்ச தூரத்தில் அவன் உடம்பு மறைந்து, இரண்டு விளக்குகள் மட்டும் நடந்தன. என் தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. காதுக்குள் ஆகட்டும் யாரிடமோ என்னைப்பற்றி வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார். விளக்குகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் இல்லை என்று அவன் கையை ஆட்டிவிட்டால் நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வேன் என்று தோன்றியது. ஏதாவது இருக்கட்டும் என்று மனசு வேண்டியது. அப்படி வேண்டவைத்தவர்களை நினைத்து இன்னும் ஆத்திரம் வந்தது.

இறக்கை நுனிக்கு முன்னால் விளக்குகள் சட்டென்று நின்றன. அடுத்த நொடி மேலே எழுந்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக நின்றன. பிறகு ஒன்று மட்டும் கீழே இறங்கி எதையோ தட்டியது. விடாமல் தட்டியது.

அவன் கதவைத் திறந்ததும் இருட்டுக்குள் ஒரு வண்டியின் சின்ன உள்விளக்கு எரிந்தது. பயணிகள் இறங்குகிற ஏணி வண்டி. தூக்கிய ஏணியோடு, வண்டிகள் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டிப் பாதி உள்ளே நின்றது. ஏணிக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் ஆள் நீளம்கூட இல்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர், அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்க்கிறவர், மெதுவாக நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். கையை நெற்றியில் வைத்து, கண்ணாடி வழியே மேலே பார்த்தார். இறக்கை நுனியின் சிவப்பு விளக்கு அவர் முகத்தில் விழுந்து கிடந்தது.