கண்ணாடியில் பூச்சிகள்

பாயப்போகிற மிருகம் மாதிரி என் பைக்கைச் செய்திருக்கிறான் இத்தாலிக்காரன். முதல் கியரிலேயே நூறைத் தொடுமாம். எங்கள் ஊர் சிக்னல்களில் நான் கண்டது தொடையை வேகவைக்கும் என்ஜின் சூடுதான். ஹைவேக்குப் போக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன் மாமா" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனான் மனைவியின் தம்பி. மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் என் வீட்டில் குடியிருக்க முடியுமா? பால்கனிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன்.

ஒருவழியாக வந்து சேர்ந்தான். "ஹைவேல ஆறாவது கியர்ல சும்மா மிதக்குது மாமா!"

வண்டியில் கீறல் இல்லை. முன்கண்ணாடி முழுக்க ஹைவே வேகத்தில் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. நான் ஓட்டி ஒரு கொசுகூடச் செத்ததில்லை.

மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். "நாளைக்கு ஆபீஸ்ல நாலு பேர் பாக்கட்டும்."