கைக்கு முந்திய வாய்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்குள் விமானம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் மங்களம் அக்காவைக் கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு காலையும் மாலையும் அந்தக் கூத்தைச் சுவர் வழியாகக் கேட்டவர் அவர்தான். "ஃப்ளாப்ஸ்?" என்று அகதா கேட்பாள். "அப்" என்பான் அவள் புருஷன் டொமினிக். "பார்க்கிங் பிரேக்?" "செட்." இப்படியே அரைமணி நேரம் போகும். முதல் நாள் ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து அக்கா எட்டிப் பார்க்க வந்தார். வந்தவர் வாயில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கூடத்துச் சுவரில் மணிலா அட்டைகளை ஒட்டி, விமானி உட்காரும் இடத்தில் இருக்கும் கடிகாரங்களையும் சுவிட்சுகளையும் டொமினிக் அப்படியே வரைந்து வைத்திருந்தான். அதற்கு எதிரே ஒரு சாப்பாட்டு நாற்காலி. பக்கத்தில் பிஸ்கட் டின் நிறைய மணல். அதில் அகதாவின் மரக்கரண்டிகளைக் குத்தியிருந்தான். ஒரு கரண்டி எஞ்சினுக்கு, ஒன்று இறக்கையின் ஃப்ளாப்ஸுக்கு, இன்னொன்று சக்கரங்களை ஏற்றி இறக்க.

"சம்பல் கிண்ட ஒரு கரண்டி இல்ல இந்த வீட்டுல. எல்லாம் ப்ளேன் ஓட்டப் போயிருச்சு," என்று அகதா முணுமுணுப்பாள். ஆனாலும் லாயர் பழனியப்பன் ஆபீசில் பகலெல்லாம் தட்டச்சு செய்துவிட்டு வந்து, கால்கூட நீட்டாமல், விமானிகள் ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்கும் அந்தச் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

காரணம் இருந்தது. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் பிறந்தவன் டொமினிக். ஈப்போவில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, வருஷக்கணக்கில் லீவு நாளையெல்லாம் விமானத் திடலில் கழித்து லைசென்ஸ் வாங்கினான். எண்பத்து நான்காம் வருஷம்தான் கதவு திறந்தது. சின்ன ஊர்களுக்கும் தீவுகளுக்கும் காற்றாடி விமானம் விடுகிற ஒரு சிறு நிறுவனம் அவனைக் கூப்பிட்டது. அக்டோபர் கடைசியில் சுபாங் விமான நிலையத்தில் பயிற்சி. முதல் வாரத்திலேயே ஒரு சோதனை உண்டு. பயிற்சிக்கென்று செய்துவைத்த காக்பிட்டில் உட்கார வைத்து, கேப்டன் செக்லிஸ்ட் படிப்பார். அதில் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாத்தியார் வேலையோ போயே போய்விட்டது. அவன் இடத்தில் வேறொருவர் வந்து பாடமும் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

போன தடவை அப்படித்தான் அலெக்சாண்டர் திரும்பி வந்தான். டொமினிக்கோடு ஒன்றாய்ப் பறக்கப் பழகியவன். சுபாங்குக்குப் போனவன் அதே வாரம் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டான். என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும், "ஒத்து வரல லா," என்பதோடு சரி. இப்போது வீடு வீடாய் இன்சூரன்ஸ் விற்கிறான். தெரிந்த முகத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். அகதாவுக்கு வானமும் வேண்டாம், விமானமும் வேண்டாம். தன் புருஷன் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் டொமினிக்குக்குப் பாடம் தலைகீழ்ப் பாடம். கேள்வி முடியும் முன்னே பதில் விழும். கேட்கக் கேட்க அகதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்டோபர் மாதம் செபமாலை மாதம். சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அந்த வாரம் இவர்கள் முறை. சுவரிலிருந்த விமானத்தைப் போர்வையால் மூடி, அதற்கு முன்னால் மாதா சுரூபத்தை வைத்தார்கள். செபமாலை முடிந்ததும் மன்றாட்டுமாலை. ஒருவர் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். அன்று பெயர்களைச் சொன்னவள் அகதா. கூட்டத்தில் டொமினிக்கின் குரல்தான் முதலில் எழும். தோட்டத்துக் கோயிலில் சின்ன வயசிலேயே ஊறிய பழக்கம்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. இவர்கள் வீட்டுக் கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு மங்களம் அக்கா வாசலில் வந்து நின்றார். அகதா ராகத்தை விடாமலே, "மங்களம் அக்கா, உள்ள வந்து உக்காருங்க," என்றாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது வீடு மொத்தமும்.

"வேண்டிக்கிறது இருக்கட்டும். துணி நனையுது, மொத வாங்கிக்குங்க," என்றார் அக்கா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டொமினிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அகதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று மனசு திக்கென்றது. அந்தப் பதிலின் ராகம் அவளுக்குத் தெரிந்த ராகம். காலையும் மாலையும் இதே ராகத்தில்தான் "அப்", "ஆன்", "செட்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடவுளே, இந்த மனுஷன் செக்லிஸ்ட்டுக்கும் மன்றாட்டுமாலை அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும், அவன் சட்டை மாற்றப் போன நேரத்தில் ஃப்ளாப்ஸ் கரண்டியைக் கீழே சாய்த்து வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான். அவள் எப்போதும் போலப் படித்தாள்.

"ஃப்ளாப்ஸ்?"

"அப்."

"ஃப்ளாப்ஸ்?"

"அப்புதான் சொன்னேனே. அடுத்தது படி."

"சொன்னீங்க. பார்த்தீங்களா?"

அவன் பார்த்தான். கை கரண்டியின் மேல்தான் இருந்தது. கரண்டி கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "நீ ஏன் இதுல கை வச்ச? வெளையாடுற நேரமா இது?" என்று சீறினான்.

"நேத்து மங்களம் அக்காவ மாதாவாக்குனீங்கல்ல, அதேதான் இது. வாய் தன்னால சொல்லுது. கண்ணும் கையும் சும்மா கூட வருது."

அவன் கரண்டியை நிமிர்த்திவிட்டு எழுந்து மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினான். "ஏறு, அலெக்சாண்டர் வீட்டுக்குப் போலாம். அவனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும்," என்றான்.

அலெக்சாண்டர் முதலில் பிடி கொடுக்கவில்லை. காப்பி போட்டான், மழையைப் பற்றிப் பேசினான். நடந்ததை டொமினிக் மறைக்காமல் சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

"கேப்டன் சக்கரத்தப் பத்திக் கேட்டாரு, மச்சான். எறங்கியாச்சு, மூணு பச்ச லைட்டும் எரியுதுன்னு படபடன்னு சொன்னேன். எண்ணிப் பாருன்னாரு. ரெண்டுதான் எரிஞ்சுச்சு. அவருதான் ஒண்ண அணைச்சு வச்சிருந்தாரு." குவளையைக் கீழே வைத்தான். "நெசத்துல பறந்திருந்தா ப்ளேன் வயித்தத் தரையில தேச்சிருப்போம். என்னத்தச் சொல்லிக்கிட்டு ஊருக்குள்ள நடக்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான் டொமினிக்.

"வெக்கமா இருந்துச்சு லா."

திரும்பி வீட்டுக்குள் வந்ததும் டொமினிக் செக்லிஸ்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "முதல்ல இருந்து வாரேன். கண்டபடி மாத்தி வச்சுட்டுப் படி," என்றான்.

அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. முதலில் கை தொட வேண்டும், பிறகு கண் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. தண்ணீர் பட்ட பாடாக இருந்த பாடம் தந்தியடித்தது. அகதா கரண்டிகளைத் தாறுமாறாய்ச் சாய்த்து வைப்பாள். அட்டையில் ஒரு சுவிட்சின் மேல் காகிதத்தை ஒட்டி மறைப்பாள். பழக்க தோஷத்தில் "ஆன்" என்று அவன் உளறும்போதெல்லாம், "நாக்கைக் கடிங்க," என்பாள். ஒருமுறை நிஜமாகவே கடித்துக்கொண்டான்.

"இவ்வளவு மெதுவாச் சொன்னா, ஒண்ணும் படிக்காம வந்துட்டான்னு நெனப்பாங்க," என்றான் ஒருநாள், நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல்.

"நெனக்கட்டும்," என்றாள் அகதா. தைரியமாய்ச் சொல்லிவிட்டாளே தவிர, அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவனைக் குழப்பிவிட்டோமோ என்ற பயம் அவளை அரித்தது. அந்த ராகத்தோடே போயிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பானோ என்னவோ. அப்படியொரு பயத்தோடுதான் அவனைச் சுபாங்குக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

சோதனை வெள்ளிக்கிழமை. வீட்டில் போன் கிடையாது, ஆபீசுக்குத்தான் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அன்று அகதா தட்டச்சு செய்த பத்திரங்களில் வாங்குபவர் விற்பவராகிவிட்டார், விற்பவர் செத்தே போனார். லாயர் பழனியப்பன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவேயில்லை.

பின்னேரம் போன் அடித்தது. லாயர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அகதா," என்றான் டொமினிக். அந்த ஒரு வார்த்தையில் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லுங்க."

"கேப்டன் ஊர்க்கத பேசிக்கிட்டே ப்யூவல் பம்ப ஆஃப் பண்ணி வச்சிருக்காரு. எனக்குத் தெரியாது. லிஸ்ட்டுல அது வந்துச்சு. 'ஆன்'னு சொல்ல வாயத் தொறந்துட்டேன்."

"ஐயோ."

"தொறந்தத மூடிட்டேன். கை போயிருச்சு, தொட்டுப் பார்த்தேன். 'ஆஃப்ல இருக்கு, கேப்டன்'னேன். அவரு ரொம்ப நேரம் எழுதுனாரு. அப்புறம், 'நீ ரொம்ப ஸ்லோ, அத நாங்க சரி பண்ணிருவோம். திங்கக்கெழமையில இருந்து கிளாஸுக்கு வா'ன்னாரு. என்னை வச்சுக்கிட்டாங்க, அகதா."

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தாள். "சாப்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்க வந்தது. அவன் சாப்பிட்டானாம். போனை வைத்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி எங்கோ போய்விட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, லாயர் இருப்பதையும் பார்க்காமல், விக்கி விக்கி அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

லாயர் பதறிப்போய் எழுந்து வந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டாராம் சார்."

லாயர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, "நீ வீட்டுக்குப் போம்மா, மிச்சத்தைத் திங்கக்கிழமை பார்த்துக்கலாம்," என்றார்.