குறை சொல்ல வருகிறவன்

என் வேலையில் குறை சொன்னால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் பட்டறை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. தேவநாதன் ஆசாரி செய்த கதவு சாத்தவில்லை, கட்டில் ஆடுகிறது என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனை நேரில் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் புதுச்சேரியில் வயலின், ஆர்மோனியம் ரிப்பேர் கடையில் இருந்தேன். உடைந்த கிட்டார்களும் வரும். பிரித்துப் பிரித்துப் பார்த்தே அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

1986 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை இருதயமேரி வந்தாள். பெருமுக்கல்காரி. இங்கே ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. கைம்பெண், ஐம்பது வயதிருக்கும்.

"எம்புள்ளைக்கு ஒரு கிட்டார் செஞ்சி குடுக்கணும் ஆசாரியாரே. இருதயராஜுன்னு பேரு. கோயில் பாட்டுக்கு வாசிப்பான்."

"மெட்ராஸ்ல ரெடிமேடா விக்கிறானேம்மா. ஜல்தியா வேலை முடிஞ்சிடும்."

"கடையில இருக்கறது அவனுக்குப் புடிக்காது. எதைக் குடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லுவான்."

"பையனை அழைச்சிக்கினு வாம்மா. கையைப் பாக்காம கழுத்து செதுக்க முடியாது."

அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்துக் கொடுத்தாள். இடது கையை விரித்து வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. நீளமான விரல்கள். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. தாள் ஓரம் பழுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ரிப்பேர் செய்திருக்கிறேன், முழுசாக ஒன்று செய்ததில்லை. புதுச்சேரியில் உடைத்துப் போட்ட ஒரு பழைய பியானோவின் பலகை என்னிடம் சும்மா கிடந்தது. கிட்டாரின் முகத்துக்கு அது. முதுகுக்கும் பக்கத்துக்கும் பண்ருட்டிப் பலா. பக்கப் பலகையைக் காகிதம் மாதிரி இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து, நெருப்பில் காய்ந்த இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் படீரென்று போய்விடும். மூன்று பலகை போயிற்று. நாலாவது வளைந்தது.

கழுத்தைத் தேக்கில் செதுக்கி முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி சுற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். மறுநாள் இருதயமேரி வந்தாள். ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, மேசைமேல் வைத்தாள்.

"கழுத்து கெட்டியா இருக்குதாம். கட்டைவிரலு சுத்தி வர மாட்டேங்குதாம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "யாரு சொன்னது?"

"அவன்தான்."

"நான் இன்னும் யாருக்கும் காட்டலியேம்மா. உம்புள்ள இன்னா, ஓட்டைப் பிரிச்சிக்கினு வந்து பாத்தானா?"

அவள் மல்லாட்டையை என் பக்கம் தள்ளினாள். அவள் போனபின் தாளிலிருந்த கையை அளந்து பார்த்தேன். கெட்டிதான். மூன்று இழைப்பு எடுத்ததும் கழுத்து கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. கோபம் அதிகமாயிற்று. சரியாகக் குறை சொல்கிறவனைப் போலப் பேஜாரு பிடித்த ஆள் கிடையாது.

அடுத்த மாதம் கிட்டாரின் வயிற்றுப் பெட்டியை மூடினேன். முகப்பலகையின் அடியில் அதைத் தாங்குகிற குச்சிகளை வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டி, எல்லாம் காய்ந்தபிறகுதான் முதுகை வைத்து அடைத்தேன். அதற்கப்புறம் உள்ளே பார்க்க உள்ளங்கை அகலத் துளை ஒன்றுதான் உண்டு. திங்கட்கிழமை அவள் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள ரெண்டாவது குச்சி, கோடிப்பக்கம் ஒட்டலையாம்."

பெட்டி அப்போது பட்டறைக்குள்ளே பரண்மேல் இருந்தது. அவள் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிகரெட் தாளை மடித்து ஒரு கம்பியில் கோத்து விட்டுப் பார்த்தேன். இரண்டாவது குச்சியின் கோடியில் தாள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அன்று ராத்திரியே துளை வழியாகப் பசை விட்டு ஒட்டினேன்.

அந்த வாரமே பெருமுக்கல்லில் முருகையன் என்பவர் வீட்டுக்கு நிலை வைக்கப் போனேன். வேலை முடிந்து கையலம்பும்போது, அந்தக் கிட்டார்காரப் பையன் வீடு எது என்று கேட்டேன். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

"இருதயராஜா? அவன் செத்து ரெண்டு வருஷம் ஆவுதே. மஞ்சக்காமாலை," என்றார் முருகையன். "நல்ல புள்ள. ஆனா கோயிலு பழைய கிட்டாருக்கு சுதி சேத்துக்கினே இருப்பான். இவன் சேக்கறதுக்குள்ள கோயில்ல பாட்டு முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பஸ்ஸுக்கு நிற்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன். பட்டப்பகல். இரண்டு பக்கமும் கேப்பைக் கொல்லையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவளை உட்காரவைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"அவன் உசிரோட இருக்கான்னு நான் எப்ப சொன்னேன்?"

சாவதற்கு முந்திய வருஷம் சொந்தமாக ஒரு கிட்டார் கேட்டிருக்கிறான். அதெல்லாம் நமக்கெதுக்குடா என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தை அவளை விடவில்லை. அவன் பேரில் ஒன்று செய்து கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் என்னிடம் வந்தாளாம்.

"ரெண்டு வருஷமா கனவுலகூட வரலீங்க. உங்ககிட்ட சொல்லிட்டுப் போன மறுநாளு, மத்தியானம் பாத்திரம் கழுவிக்கினு இருக்கேன், பின்னால வந்து நிக்கறான். கிட்டாரு பத்திதான் பேசறான். நொட்டை சொல்லத்தான் வரான். எப்படிம்மா இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல."

"பயமா இல்லியா?"

"எம்புள்ளதானே?" என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "இன்னும் இன்னா வேலை பாக்கி?"

"பாலிஷ், கம்பி கட்டணும். அவ்ளோதான்."

"எல்லாம் சரியா இருந்தா அவன் வர மாட்டான் ஆசாரியாரே." புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குறை வச்சிடுங்க. சின்னதா. யாருக்கும் தெரிய வேணாம். அவனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

நான் கத்திவிட்டேன். என் பட்டறையிலிருந்து குறையோடு ஒரு முக்காலிகூடப் போனதில்லை, வேண்டுமானால் வேறு எவனாவது அரைகுறை வேலை செய்கிறவனிடம் போ என்றேன். அவள் அழவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தே தப்புச் செய்யச் சொல்கிறாள் என்ற கோபம் ஒரு பக்கம். அவள் கேட்டதில் என்ன தப்பு என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

கடைசியில் செய்தேன். கிட்டாரின் முகத்தில் கம்பிகள் வந்து முடிகிற கட்டை ஒன்று இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதை அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, முன்னால் தள்ளி ஒட்டினேன். பார்வைக்குத் தெரியாது. சும்மா மீட்டினால் நன்றாகவே பேசும். ஆனால் விரல் மேலே ஏற ஏறச் சுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். முறுக்காணியை எத்தனை திருகினாலும் சேராது. ஒட்டிவிட்டுக் கையைக் கழுவினேன். வஜ்ர வாடை மூன்று நாள் போகவில்லை.

அவள் கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றிப் பெருமுக்கல்லுக்கு எடுத்துப்போனாள். கோயிலுக்குக் கொடுக்கவில்லை. வீட்டிலேயே மாட்டிவைத்தாள். அடுத்த திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தாள்.

"வரல."

"குறை வச்சேம்மா. சத்தியமா வச்சேன்."

"அப்ப ஏன் வரல?"

எனக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை மத்தியானம் தெரிந்தது. கரண்ட் இல்லை. ரோட்டில் மாட்டுவண்டி ஒன்று போயிற்று. நான் ஜன்னல் கதவுக்கு இழைப்பு போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி மீட்டுகிற சத்தம். ஒரே கம்பி. முறுக்காணி திரும்புகிற கிறீச். மறுபடி அதே கம்பி. என் பட்டறையில் கிட்டார் கிடையாது, கிட்டார் கம்பி ஒரு துண்டுகூடக் கிடையாது. நான் திரும்பவில்லை. இழைப்புளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. இடது காதுக்கு மிக அருகில் ஒரு வாலிபக் குரல் சொன்னது.

"சேரலியே, ஆசாரியாரே."

கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் கறுத்துவிட்டது. பெற்றவளை விட்டுவிட்டு என்னிடமா என்றுதான் அதற்கு அர்த்தம். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னான்? மொதல்லருந்து சொல்லுங்க."

அன்றிலிருந்து இதே வழக்கமாயிற்று. அவன் புதன்கிழமை வருவான். அவள் திங்கட்கிழமை வந்து கேட்பாள். ஒரு நாலு வாரம் அந்த ஒரே வார்த்தைதான். ஐந்தாம் வாரம் கம்பிச் சத்தம் வெகுநேரம் கேட்டது. குரல் களைத்திருந்தது.

"சரி பண்ணிடுங்க. நான் போவணும்."

இதையும் அவளிடம் சொன்னேன். கட்டையைப் பெயர்த்து இடம் மாற்றி ஒட்ட எனக்கு ஒரு மணி நேரம் போதும், கிட்டாரை எடுத்து வா என்றேன். அவள் தரையில் கிடந்த இழைப்புச் சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள்.

"எங்க போவணுமாம்?"

"அது சொல்லல."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னும் ஒரு வாரம் போவட்டும்."

ஒரு வாரம் பதினாறு வாரமாயிற்று. பொங்கலும் போய்விட்டது. இப்போது அவன் குறை சொல்வதில்லை. போவணும், போவணும் என்பதோடு சரி. நான் புதன்கிழமைகளில் பட்டறையைப் பூட்டிவைத்துப் பார்த்தேன். அனந்தபுரத்தில் ஒரு வீட்டு உத்திரத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது அங்கேயே வந்து கேட்டான். எனக்குத் தூக்கம் இல்லை. அதைவிட அந்தப் பையனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவனைக் கட்டிப்போட்டிருப்பது என் கை செய்த வேலை.

போன திங்கட்கிழமை ஒரு முடிவோடு இருந்தேன். அவள் வேண்டுவது ஒரு வார்த்தை, அது கிடைத்தால் மனசு ஆறிவிடும், கிட்டாரை எடுத்து வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முகத்தைப் பார்க்காமல் உளியைத் தீட்டிக்கொண்டே சொன்னேன்.

"இந்த வாட்டி உன்னைக் கேட்டான்மா. எங்கம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டான்."

அவள் எழுந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் பெருமூச்சு விட்டு, "நாளைக்கே கிட்டாரை எடுத்தாம்மா, ஒட்டிடலாம்," என்றேன்.

"இன்னா ஆசாரியாரே பேசறீங்க?" என்றாள் இருதயமேரி. "இப்பதானே பேச ஆரம்பிச்சிருக்கான்."